நிக்கோபாரின் பேராயர், தீவுகளின் முதல் எம்.பி.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் சார்பில் மக்களவையில் முதன்முதலாக அமர்ந்தவர் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். 1884இல் கார் நிக்கோபார் தீவின் மூஸ் கிராமத்தில் பிறந்த நிக்கோபார் பழங்குடி மகன் அவர். தென்னந்தோப்பு, பன்றி வளர்ப்பு, தோணி, ‘துஹேத்’ எனப்படும் கூட்டுக் குடும்பம் ஆகியவற்றைச் சுற்றியே அம்மக்களின் வாழ்க்கை அமைந்திருந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசு முகவராக அங்கு வந்த வேதப்பன் சாலமோன் என்ற தமிழர் மூஸில் சிறு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதில் படித்த ரிச்சர்ட்சன், மேற்படிப்புக்காகப் பர்மாவின் மாண்டலே நகருக்கு அனுப்பப்பட்டார். கல்வி முடிந்ததும் சொந்தத் தீவுக்கே திரும்பி ஆசிரியராகவும் உபதேசியாராகவும் உழைத்தார், பின்னர் குருவானார். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்ததில் அவருடைய பங்கு பெரிது. பேச்சில் மட்டுமே வாழ்ந்த ஒரு மொழி, வாசிக்கும் மொழியாகவும் வேரூன்ற அது துணைநின்றது.

1942 முதல் 1945 வரை தீவுகள் ஜப்பானியர் வசம் இருந்தன. ஆங்கிலேயருக்கு உளவு சொன்னதாகப் பழிசுமத்தி நிக்கோபாரியர் பலரை அவர்கள் வதைத்துக் கொன்றனர். ரிச்சர்ட்சனும் சிறையில் சித்திரவதைக்கு ஆளானார், மகனைப் பறிகொடுத்தார். போர் முடிந்ததால் அவர் உயிர் தப்பினார். துயரத்தோடு ஒதுங்கிவிடாமல், சிதறிப்போன சமூகத்தைத் திரட்டும் வேலையில் இறங்கினார். 1950இல் பேராயரானார்.

1952இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது இத்தீவு மக்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு இல்லை. அவர்களுக்கான உறுப்பினரைக் குடியரசுத் தலைவரே நியமித்தார். அவ்வாறு நியமிக்கப்பட்ட ரிச்சர்ட்சன் 1957 வரை பதவி வகித்தார். அந்தக் காலகட்டத்தில்தான், 1956இல், பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குள் வெளியார் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று தீவுகள் யூனியன் பிரதேசமாயின. நியமன முறை நீங்கித் தீவு மக்கள் தம் உறுப்பினரைத் தாமே தேர்ந்தெடுத்தது 1967இல்தான்.

அவரைத் தேர்ந்தெடுத்தது டெல்லி. ஆனால் அவருடைய செல்வாக்கு, மூஸ் கிராமத்தில் மக்களோடு மக்களாக உழைத்துப் பெற்றது. பதவிக்காலம் முடிந்த பின்னும் நிக்கோபாரியர் அவரைத் தலைவராகவே மதித்தனர். 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண் விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1978 ஜூன் மாதம் காலமானார். கார் நிக்கோபாரின் அரசு மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.