கும்குவாட் வீட்டில் யாருக்கு முதல் பந்தி?

வியட்நாமியப் புத்தாண்டான டெட் நெருங்கும் வாரங்களில் ஹனோய் தெருக்களில் மோட்டார் சைக்கிள்கள் மரம் சுமக்கும். பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய தொட்டி, அதில் கூம்பாகக் கத்தரித்து வளர்த்த கும்குவாட் என்ற குட்டி ஆரஞ்சு மரம். வாங்குகிறவர் பழத்தை மட்டும் பார்ப்பதில்லை. கனிந்த பழம், பச்சைக் காய், பூ, கொழுந்து நாலும் ஒரே மரத்தில் இருந்தால்தான் நல்ல விலை. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கும் பழகிய மரம்தான் இது. சீனப் புத்தாண்டுக்கு ஹோட்டல் வாசல்களில் இதுவோ, இதன் கலப்பினமான கலமன்சியோ ஜோடியாக நிற்கும்.

டெட் ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் ஆண்டுக்கு ஒரு தேதியில் வரும். அந்தத் தேதிக்கு ஒரு மரத்தை எப்படிப் பழுக்க வைக்கிறார்கள்?

மரத்தைக் கல்யாண வீட்டுச் சமையல்கட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இலைதான் அடுப்பு, வெயில்தான் விறகு. வேர், தண்ணீர் இறைத்துக் கொடுக்கிற ஆள். வெந்து இறங்குவது சர்க்கரை. மிஞ்சினது மாவுச்சத்தாகி, தண்டிலும் வேரிலும் உள்ள உக்கிராணத்துக்குப் போகும். பந்தியில் உட்கார்ந்திருப்பது கொழுந்து, வேர்நுனி, பூ, காய். இவர்களில் கொழுந்துக்குப் பசி அதிகம், வெட்கம் குறைவு. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாக வரும்வரை முதல் பந்தியை அது விடாது. "தளதளன்னு வளருது, காய்க்கத்தான் மாட்டேங்குது" என்று வீட்டுக்காரர்கள் குறைபடும் செடிகள் பலவற்றின் கதை இதுதான்.

ஹனோயில் செவ்வாற்றங்கரையை ஒட்டிய து லியென் பகுதித் தோட்டக்காரர்கள் இந்தப் பந்தியைக் கலைத்துவிடுகிறார்கள். ஜூன், ஜூலை வாக்கில், நன்றாக நிற்கும் மரத்தை வேர்மண்ணோடு பெயர்த்து, வேரைச் சுற்றிலும் நறுக்கி, சில நாள் நிழலில் போட்டுவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு மனசு பதைக்கும். இறைக்கிற ஆள் முடங்கிவிட்டதால் இலை துவளும், கொழுந்து எழுந்து போய்விடும். வளர்ச்சி நின்ற அந்த இடைவெளியில்தான் மொட்டுகள் பூவுக்குத் திரும்புகின்றன. மறுபடி நட்டுத் தண்ணீர் காட்டியதும் புதுத் துளிரோடு பூ வரும். மாதக்கணக்கில் காயாக நின்று புத்தாண்டுக்கு நிறம் ஏறும். சீக்கிரம் பெயர்த்துவிட்டால் டெட்டுக்கு முன்பே பழம் முற்றிவிடும், தாமதித்தால் பச்சையாகவே நிற்கும். உரத்தைவிட, பெயர்க்கிற நாளைக் கணிப்பதில்தான் இவர்கள் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நாக்பூர் ஆரஞ்சுத் தோட்டங்களில் கோடையில் தண்ணீரை நிறுத்தி, மழையோடு பூக்கவைப்பதும் இதே வித்தைதான். நம் உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள்.

வீட்டுத் தொட்டியில் வேரை நறுக்கப் போகாதீர்கள். தொட்டியின் சுவரே வேரைக் கட்டிப்போட்டிருக்கிறது. வளர்ந்த, நோயில்லாத செடி, மேலே காயும் இல்லை என்றால், இலை லேசாகச் சுருளும்வரை தண்ணீரை இழுத்துப்பிடித்து, பிறகு நிறைய ஊற்றினால் போதும். மற்ற நாட்களில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றலாம். ஈரமிருந்தால் வேண்டாம்.

தண்ணீர் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை 2024 செப்டம்பரில் து லியென் பார்த்தது. யாகி புயலை அடுத்து செவ்வாறு பெருகித் தோட்டங்களை மூழ்கடித்தது. நாள்கணக்கில் வெள்ளத்தில் நின்ற மரங்கள் பட்டுப்போயின. வேரும் மூச்சுவிட வேண்டும். மண் இடுக்கில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிறைந்தால் இறைக்கிற ஆள் மயங்கிவிடுவான். கிணறு நிறைந்திருந்தும் அடுப்படிக்கு ஒரு குடம் வராது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீரைத் தேங்கவிடுவதும் சின்ன அளவில் இதே வெள்ளம்தான். இலை வாடியதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம், அதோடு கதை முடியும்.

இலை மஞ்சளானால், எந்த இலை என்று பாருங்கள். தழைச்சத்து குறைந்தால் மரம் பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும், அதனால் கீழ் இலை முதலில் வெளுக்கும். இரும்பை அப்படி உருவ முடியாது. புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புப் பற்றாக்குறை. காரத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம்: இரும்பு மண்ணிலேயே இருக்கும், ஆனால் வேர் எடுக்க முடியாதபடி பூட்டிக் கிடக்கும். அப்படிப் பூட்டிக்கொள்ளாத கிலேட் வடிவ இரும்பைக் கொடுத்தால் அடுத்த துளிர் பச்சையாக வரும். வெளுத்த இலை பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். ஏசி ஹாலில் அழகுக்கு நிற்கும் மரம் விறகில்லாத சமையல்கட்டு, சில வாரங்களில் இலையைக் கொட்டும். விழா முடிந்ததும் பழங்களை எல்லாம் பறித்துவிட்டு, கிளை நுனிகளைக் கத்தரித்து, வெளியே வைத்துவிடுங்கள். ஹனோயில் மரத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் தோட்டக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவரும் முதலில் செய்வது இதைத்தான். ஒட்டுக்கட்டிய செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே, மூன்று சிற்றிலைகளோடு கிளம்பும் போத்தையும் கிள்ளிவிடுங்கள். அது வேர்ச்செடியின் கிளை, அழைக்காத விருந்தாளி.

அலங்காரத்துக்கு வளர்த்த மரத்தில் மருந்து அடித்திருப்பார்கள், அந்தப் பழத்தைத் தின்ன வேண்டாம். உங்கள் தொட்டியில் அடுத்த காய்ப்பில் வந்ததைக் கழுவி, விரல்களுக்கிடையே உருட்டித் தோலோடு முழுசாக வாயில் போடுங்கள். இனிப்பு தோலில்தான் இருக்கிறது, சுளை புளிக்கும்.