சளிப்பூஞ்சை சொல்லும் நரம்பு ரகசியம்

வீடு கட்டுமிடத்தில் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாரம் சுவர் எழுப்பாது, பூசாது. ஆனால் கொத்தனாரும் கலவைச் சட்டியும் வேண்டிய இடத்தில் நிற்க அதுதான் ஆதாரம். நம் செல்களுக்குள்ளும் இப்படிச் 'சாரப் புரதங்கள்' உண்டு. மற்ற புரதங்களைச் சேர்த்துப் பிடித்து வேலை வாங்குபவை இவை. அதில் ஒன்று ஹண்டிங்டின்.

இந்தப் பெயர் ஒரு நோயால் வந்தது. கை கால் தன்னிஷ்டத்துக்கு ஆடும், குணம் மாறும், நினைவு மங்கும். பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் ஆரம்பிக்கும். 1872-ல் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் ஹண்டிங்டன் இதை விவரித்தார். காரணமான மரபணு 1993-ல் அடையாளம் காணப்பட்டது. அதில் 'சி.ஏ.ஜி.' என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 26 தடவை வரை பயமில்லை. 40-ம் அதற்கு மேலும் என்றால் நோய் வருவது ஏறக்குறைய நிச்சயம்.

சரி, நல்ல ஹண்டிங்டின் என்னதான் செய்கிறது? 1995-ல் இந்தப் புரதமே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவை கருவிலேயே இறந்துவிட்டன.

பிற்பாடு கைகொடுத்தது டிக்டியோஸ்டீலியம் என்ற சளிப்பூஞ்சை. காட்டுச் சருகுக்கடியில் பாக்டீரியாவைத் தின்று வாழும் ஒற்றைச் செல் உயிர். இரை தீர்ந்தால் ஒரு ரசாயனத்தால் ஒன்றையொன்று கூப்பிடும். சுமார் ஒரு லட்சம் செல்கள் கூடி, புழுப்போல் ஊர்ந்து, தண்டும் வித்துமாக நிமிரும். அதனிடமும் ஹண்டிங்டின் இருக்கிறது! இத்தனை தூரத்து உயிரிலும் அழியாமல் காக்கப்பட்ட புரதம் அற்பமானதாக இருக்குமா?

2011-ல் வெளியான ஆய்வுகளில் அந்த மரபணுவை நீக்கினார்கள். செல்கள் சாகவில்லை. ஆனால் ஒட்டும் பிடிப்புக் குறைந்தது. அழைப்பு வந்த திசைக்குச் சரியாக நகர முடியவில்லை. உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றத் திணறின. கூடி வளர்வதும் தாமதமானது. சாரம் சரிந்தால் ஒரு வேலையா நிற்கும்?

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? கெட்ட ஹண்டிங்டினைக் குறைக்கும் சிகிச்சையைத் தேடி வருகிறார்கள். கூடவே நல்லதும் குறைந்தால் எதெது பழுதாகும் என்று தெரிந்தாக வேண்டுமே!

கடைசியாக ஒரு வார்த்தை. குடும்பத்தில் இப்படி ஆட்டம் கண்டால் சாமி குற்றம், செய்வினை என்று அலையாதீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. முழுக்கக் குணமாக்கும் மருந்து ஆங்கில வைத்தியத்திலும் இல்லை, எங்கள் சித்த வைத்தியத்திலும் இல்லை. லேகியத்தில் போக்குகிறேன் என்பவரிடம் காசைக் கொட்டாதீர்கள். நரம்பு மருத்துவரைப் பாருங்கள். ஆட்டத்தைக் குறைக்க டெட்ராபெனசின் போன்ற மாத்திரைகள் உண்டு. பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்பதை, அவர்கள் வயது வந்தபின், மரபணு ஆலோசனை பெற்று, அவர்களே முடிவு செய்யட்டும்.