உங்களுக்குத் தெரியுமா? கணக்கில் கரைந்த கடலோர வேடர்

கிழக்கிலங்கையின் பாசிக்குடாவிலிருந்து கரையோரமாக வடக்கே போனால் பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி. இலங்கையின் பழங்குடியினரான வேடருள் தமிழ் பேசும் கடலோர வேடர் வாழும் பகுதி இது. இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் எல்லா வேடரின் மொத்தத் தொகை 1911இல் 5,332, 1953இல் 803, 1963இல் வெறும் 400. பிறகு வேடர் என்ற தனிப்பிரிவே நீக்கப்பட்டுவிட்டது. இதைக் கொண்டு வேடர் அழிந்துவிட்டனர் என்கிறார்கள். அப்படியானால் 1891இல் 1,229 பேராக இருந்தவர்கள் 1901இல் 3,971 ஆனது எப்படி? பிள்ளைப்பேற்றால் மட்டும் பத்தாண்டில் ஒரு சமூகம் மும்மடங்காகாது. யாரை வேடர் என்று எழுதுவது என்பதுதான் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கிறது.

தமிழ் பேசி, தமிழரோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்த கடலோர வேடர் தமிழர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், தம்மைத் தமிழர் என்றே சொல்லிக்கொள்பவர்களும் அவர்களுக்குள் உண்டு. ஆனால் தமிழ் பேசும் முஸ்லிம்களையும், வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோலோடு தமிழும் பேசிவந்த மட்டக்களப்புப் பறங்கியரையும் அதே மதிப்பீடு தனித்தனியே எண்ணுகிறது. வேடருக்கு மட்டும் மொழியை அளவுகோலாக்குவது அநீதி. அவர்களுடைய தனி அடையாளம் சடங்கில் தெரிகிறது. கடல்கடந்து வந்த 'கப்பல் பேய்'களுக்கு அவர்கள் செய்த வழிபாட்டை மானுடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இலேயே தங்கள் நூலில் பதிந்திருக்கிறார்கள்.