உங்களுக்குத் தெரியுமா? நடுக்குவாதமும் உயிரணுக்களின் நுண்பைகளும்

உடலின் உயிரணுக்கள் கொழுப்புப் படலம் சூழ்ந்த நுண்பைகளை இடைவிடாது வெளியேற்றுகின்றன. அவற்றுள் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் வரை குறுக்களவு கொண்டவை எக்ஸோசோம் எனப்படுகின்றன. 1983இல் எலி, செம்மறியாடு ஆகியவற்றின் முதிராச் சிவப்பணுக்களில் இவ்வெளியேற்றம் விவரிக்கப்பட்டபின், இவை வேண்டாத புரதங்களை அகற்றும் கழிவுப்பைகளாகவே நெடுங்காலம் கருதப்பட்டன.

நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோயில், நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் கைநடுக்கமும் தசை இறுக்கமும் தோன்றுகின்றன. எஞ்சிய அணுக்களுக்குள் ஆல்ஃபா சைனியூக்ளின் என்னும் புரதம் மடிப்புத் திரிந்து லூயி திரள்களாகத் தேங்குகிறது. நோயாளிகளின் மூளையில் பொருத்தப்பட்ட கருவின் நரம்பணுக்களிலும், பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அதே திரள்கள் உருவாகியிருந்ததை 2008இல் வெளியான ஆய்வுகள் காட்டியதால், திரிந்த புரதம் ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்குப் பரவக்கூடும் என்னும் கருத்து வலுப்பெற்றது. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட அணுக்கள் இப்புரதத்தை எக்ஸோசோம் வழியாகவும் வெளியேற்றுவது 2010இல் தெரியவந்தது.

இந்நுண்பைகள் குருதியிலும் காணப்படுவதால், இரத்த மாதிரியைக் கொண்டே நோயை முன்கூட்டி அறியும் முயற்சிகள் நடைபெறுகின்றன. எனினும், மூளையிலிருந்து வந்தவற்றைப் பிரித்தெடுக்கப் பயன்படும் எல்1கேம் என்னும் அடையாளப் புரதத்தின் நம்பகத்தன்மை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.