நிழல் மறையும் நாளில் பூமியை அளக்கலாம்

இயற்பியல் என்றாலே விலை உயர்ந்த கருவிகளும் நகரத்துப் பள்ளிகளின் ஆய்வுக்கூடங்களும்தான் நம் தோட்டப்புற மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. ‘அது நமக்கு எட்டாது’ என்று நான்காம் படிவத்திலேயே அப்பாடத்தை விட்டு ஒதுங்குகிறவர்களும் உண்டு. ஆனால், வானியலின் அடிப்படை அளவீடுகள் சிலவற்றுக்கு ஒரு குச்சியும் அளவுகோலும் கடிகாரமும் போதும். அதிலும் கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரப் பிள்ளைகளுக்கு இயற்கையே ஒரு சலுகை தந்திருக்கிறது.

அது என்ன சலுகை? கோலசிலாங்கூர், பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 3.3 பாகையில் இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை, மார்ச் 29, செப்டம்பர் 14 ஆகிய நாள்களையொட்டி, சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் அப்போது ஏறக்குறைய மறைந்தே போகும். லண்டன் மாணவர் தம் ஊரில் இதை ஒருநாளும் காண முடியாது.

நிழலை அளப்பது தமிழருக்குப் புதிதன்று. அரண்மனை கட்டுமுன் கோல் நட்டு, நண்பகல் நிழலால் திசை குறித்த செய்தி சங்க இலக்கியமான நெடுநல்வாடையில் இருக்கிறது. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், எகிப்தின் இரண்டு ஊர்களில் விழும் நிழல்களை ஒப்பிட்டே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அதை நாமும் செய்யலாம்.

சமதளத்தில் 1 மீட்டர் குச்சியை நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். பிற்பகல் 12.45 முதல் 1.45 வரை, 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறியுங்கள். மிகக் குறுகிய நிழலே நமக்குத் தேவை. அதே நாளில் அலோர்ஸ்டாரில் உள்ள ஒரு பள்ளியும் இப்படியே அளக்கட்டும். மார்ச் 29இல் இங்கே நிழல் மறையும்போது, அங்கே சுமார் 4.9 சென்டிமீட்டர் நிழல் விழும். கால்குலேட்டரில் பார்த்தால் அது 2.8 பாகைக் கோணம். இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக ஏறத்தாழ 310 கிலோமீட்டர். இது வரைபடத்தில் அளக்கும் தூரம், சாலைத் தூரம் அன்று. 310ஐ 2.8ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால், ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு அதுவே!

விடை எப்போதும் இவ்வளவு துல்லியமாக வருமா? வராது. சூரியன் ஒரு புள்ளியன்று. வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதனால் நிழலின் விளிம்பு மங்கலாகவே விழும். அரை சென்டிமீட்டர் பிசகினால் விடை 36,000க்கும் 44,000க்கும் இடையே எங்கும் அமையலாம். மாணவர்கள் இதைக் கண்டு சோர்ந்துவிடக் கூடாது. பிழை எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் குறைப்பது என்று கேட்பதே இயற்பியல். சென்னைப் பள்ளி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்தால், அதன் நண்பகலில் அங்கே 17 சென்டிமீட்டர் நிழல் கிடைக்கும். அதே அரை சென்டிமீட்டர் பிசகு அப்போது 3 விழுக்காடாகச் சுருங்கிவிடும்.

கடிகாரமும் ஒரு பாடம் சொல்லும். மார்ச் 29இல் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கன்று, சுமார் 1.20க்கு! 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 120 பாகைத் தீர்க்க ரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாமோ ஏறத்தாழ 101.25 பாகையில் இருக்கிறோம். பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் 75 நிமிடத்துக்கு விளக்கம் கிடைத்துவிடும். மீதி 5 நிமிடம், பூமியின் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் வருவது.

செம்பனை மர நிழலில் சிதறிக் கிடக்கும் வட்ட ஒளிப்பொட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல சூரியனின் பிம்பங்களே. அட்டையில் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, 2 மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளில் ஒளியை விழச் செய்தால், பிம்பம் சுமார் 1.9 சென்டிமீட்டர் இருக்கும். சூரியன் 150 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில் இருப்பதைக் கொண்டு கணக்கிட்டால், அதன் விட்டம் 1.4 மில்லியன் கிலோமீட்டர். ஆனால், துளை வழியாகவோ வெறுங்கண்ணாலோ சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் பழுதாகிவிடும்.

மழை வந்தால்? கவலை வேண்டாம். வேறு எந்த நாளிலும் இரு பள்ளிகளும் அளக்கலாம். நிழல்கள் ஒரே திசையில் விழுந்தால் கோணங்களைக் கழியுங்கள். எதிர்த் திசைகளில் விழுந்தால் கூட்டுங்கள்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! புக்கிட் மெலாவாத்தியில் பிறை பார்க்கும் நிலையம் இருக்கிறது. வானத்தை அளக்கும் வேலை நம் வட்டாரத்துக்கு அந்நியமன்று. அடுத்த மார்ச் 29இல் பள்ளித் திடலில் ஒரு குச்சியை நட்டுக் கொடுங்கள். பூமியைத் தன் கையால் அளந்த பிள்ளை, இயற்பியல் தனக்கு எட்டாது என்று இனிச் சொல்லாது.