மான் பார்க்கத் தால் சாப்பர்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள், "ராஜஸ்தான் பாலைவனத்தில் மான் வேட்டைக்குப் போகலாமா, மாமா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. கூடவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வெளிமானைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

பார்ப்பதற்குத் தடையில்லை. சுரு மாவட்டத்துத் தால் சாப்பர், முன்பு பிகானீர் மகாராஜாவின் வேட்டைக்களம், இன்று சரணாலயம். ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர்தான். மரம் குறைந்த புல்வெளியாதலால், முறுக்குக் கொம்புடைய கரிய ஆண்மான் தூரத்திலேயே தெரியும்.

டில்லியிலிருந்து ரத்தன்கர் வழியாக ஜோத்பூர் செல்லும் ரயிலில் ஏறிச் சுஜான்கரில் இறங்குங்கள். (நான் வேலையில் இருந்தபோது அது மீட்டர் கேஜ், இப்போது அகலப்பாதை!) அங்கிருந்து ஜீப். குளிர்காலமே உகந்தது, விடியற்காலைக்குக் கம்பளி அவசியம்.

தாய்மான் குட்டியைப் புல்லில் மறைத்துவிட்டுத் தள்ளி மேயும். அநாதையாகக் கிடக்கிறதென்று தொட்டுவிடாதீர்கள்.