சோற்றுக் கையோடு ஓர் ஆட்டம்

மாலை வேளைகளில் பங்குக் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போது நாம் அடிக்கடி காணும் காட்சி இது. ஏழு மணிக்கே தாத்தாவும் பாட்டியும் ஆளுக்கு இரண்டு இட்லியை வாங்கிக்கொண்டு திண்ணைப் பக்கம் ஒதுங்கிவிடுகின்றனர். எட்டு மணிக்குப் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன்னே அமர்கின்றனர். ஒன்பதுக்கு மேல் தறியிலிருந்தோ பட்டறையிலிருந்தோ குடும்பத் தலைவர் வருகிறார்; ஒரு கையில் சோறு, மறு கையில் கைபேசி. எல்லாருக்கும் பரிமாறிய பின்னர், அடுக்களையில் நின்றபடியே மருமகள் உண்டு முடிக்கிறாள். ஒரே உலை, ஒரே குழம்பு. ஆனால் நான்கு பந்தி!

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், 2015 நவம்பர் 11 அன்று ஆற்றிய மறைக்கல்வி உரையில் இதைப் பற்றியே பேசினார். சேர்ந்து உண்ணாத குடும்பமும், சேர்ந்து அமர்ந்தும் பேசாமல் தொலைக்காட்சியையும் கைபேசியையும் பார்த்திருக்கும் குடும்பமும், குடும்பம் என்ற பெயருக்கே ஈடு கொடுக்க முடியாதவை என்பது அவர் கருத்து. மறு ஆண்டு வெளியிட்ட குடும்ப அன்பு பற்றிய திருத்தூது அறிவுரை மடலிலும் உணவு மேசைக் கைபேசியை அவர் விட்டுவைக்கவில்லை.

இதை நாமும் பீடத்திலிருந்து சொல்லியிருக்கிறோம். சொன்னதைக் கேட்டுச் சிலர் கைபேசியை எடுத்து வைக்கவும் செய்கின்றனர். வைத்த பின்பு என்ன பேசுவது? அப்பாவுக்குத் தோன்றும் முதற் கேள்வி, "கணக்கில் எத்தனை மார்க்?" என்பதுதான். பிள்ளை பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறது. ஒன்றை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். அங்கே ஓர் ஆட்டத்தை வைக்கலாம் என்பது நம் எண்ணம்.

எந்த ஆட்டம்? பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலியும் நல்ல ஆட்டங்களே. ஆனால் அவற்றுக்குக் கை வேண்டும். கையோ சோற்றில் இருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு என்றால் வாய் வேண்டும். வாயிலும் சோறு இருக்கிறது. எழுபது வயதுக்காரரும் ஏழு வயதுக் குழந்தையும் சரிநிகராக ஆட வேண்டும். கண் மங்கியவரும் ஆட வேண்டும். காசு செலவில்லாமல், மின்சாரம் நின்றாலும் நிற்காமல் நடக்க வேண்டும். இத்தனைக்கும் பொருந்தி வருவது நமக்குத் தெரிந்து விடுகதை ஒன்றே. நொடி, அழிப்பான் கதை என்று அதற்கு ஊருக்கு ஊர் பெயருண்டு. தொல்காப்பியம் அதைப் பிசி என்று குறிப்பிட்டு, செய்யுளியலில் இடமும் தந்திருக்கிறது.

திருச்சபைக்கும் இது அந்நியமானதன்று. சேபா நாட்டு அரசி சாலமோனின் ஞானத்தைச் சோதிக்க விடுகதைகளோடுதான் வந்தாள். சிம்போசியுஸ் என்ற இலத்தீன் புலவர் விருந்துக்கென்றே நூறு விடுகதைகளை, ஒவ்வொன்றும் மூன்றே அடியில் இயற்றினார். அவர் வழியில் எழுதிய ஆங்கில நாட்டு ஆயர் புனித ஆல்டெல்மும், செருமனியின் அப்போஸ்தலரான புனித போனிபாசும் விடுகதை புனைந்ததைத் தங்கள் அருள்நிலைக்கு இழுக்கென்று எண்ணவில்லை.

"உண்ணும்போது பேசக்கூடாது என்றல்லவா பெரியவர்கள் சொன்னார்கள்?" என்று கேட்பீர்கள். குருமடங்களிலும் அந்த ஒழுங்கு உண்டு. ஒருவர் நூல் வாசிக்க, மற்றவர் மௌனமாய் உண்ண வேண்டும் என்பது புனித பெனடிக்டின் சபை ஒழுங்கில் 38-ஆம் அதிகாரம். ஆனால் துறவிகள் நாள் முழுதும் ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் இரவுத் தறி ஓட்டும் நம் மக்களுக்கோ, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அந்த அரை மணி நேரந்தான். பெரியவர்கள் அஞ்சியது புரையேறுவதைப் பற்றி. அந்த அச்சம் நியாயமானது. ஆகையால் பரிமாறும்போது விடுகதையைப் போடுங்கள். வாயிலிருப்பதை விழுங்கிய பின் விடை சொல்லட்டும். விழுங்கச் சிரமப்படும் முதியவரையும், சிறு குழந்தையையும் வாயில் உணவிருக்கையில் சிரிக்க வைக்க வேண்டாம்.

இராசிபுரம் பக்கத்து வீடொன்றில் நாம் உணவருந்தியபோது, "உங்களுக்குத் தெரிந்த விடுகதை ஒன்று போடுங்களேன்" என்று பாட்டியைக் கேட்டோம். "இதெல்லாம் இப்ப யாருங்க சாமி கேக்கறாங்க?" என்று சற்றே தயங்கிவிட்டு அந்த அம்மாள் சொன்னது: "இருந்தா யாரும் பேரு சொல்லமாட்டாங்க, இல்லேன்னா வீடே சத்தம் போடும். அது என்ன?" பேரன் தாமதமின்றி, "வைஃபை!" என்றான். மருமகள் "கரண்டுங்க அத்தை" என்றாள். தாத்தா மெல்லத் தன் தட்டிலிருந்த ரசத்தைக் காட்டி, "இதுல இல்லாதது" என்றார். உப்பு! மருமகளே முதலில் சிரித்தாள். அதையே அவர் குறையாகச் சொல்லியிருந்தால் அன்றிரவு அவ்வீட்டில் இருவர் பட்டினி கிடந்திருப்பர். பேரன் மட்டும் விடவில்லை, "என் விடையும் சரிதானே, பாட்டி?" என்றான். சரிதான். மூன்று தலைமுறைக்கு மூன்று விடை, ஒன்றும் தவறில்லை.

ஆயினும் விடுகதை எப்போதும் சிரிப்பில்தான் முடியும் என்பதற்கில்லை. நீதித்தலைவர்கள் நூலின் 14-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சிம்சோன் தன் திருமண விருந்தில் தோழர் முப்பது பேருக்கு விடுகதை போட்டான். முப்பது நார்ப்பட்டாடையும் முப்பது மாற்றுடையும் பந்தயம். ஏழு நாள் தவணை. செத்த சிங்கத்தின் உடலில் தேனடை இருந்ததை அவனைத் தவிர எவரும் அறியார்; தேனைத் தின்ற அவன் தாய் தந்தையர்க்கும் அவன் சொல்லவில்லை. அப்படியானால் விடை எவருக்கு எட்டும்? தோழர்கள் மணப்பெண்ணை அச்சுறுத்தினர். அவள் அழுது அழுது விடையைக் கறந்தாள். முடிவில் அஸ்கலோனில் முப்பது பேர் மாண்டனர். வீட்டில் ஆடுவோர் இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு: பந்தயம் கூடாது, கேட்பவர்கள் அனைவரும் கண்டறிந்த பொருளே விடையாக இருக்க வேண்டும். கல்லூரிப் பையன் கணிப்பொறிச் சொல்லை விடையாக வைத்துத் தாத்தாவை மடக்குவது சிம்சோன் செய்த வேலைதான்.

பரிமாறுகிறவளைப் பற்றியும் ஒரு சொல். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருப்பவள் விடுகதையில் பாதியைத்தான் கேட்கிறாள். பாத்திரங்களை நடுவில் வைத்து, வேண்டியதை அவரவரே எடுத்துக்கொண்டால் அவளும் அமரலாம். இதற்குச் சில மாமியார்கள் முகம் சுளிப்பர் என்று அறிவோம், சுளிக்கட்டும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரியோடு வாரக்கணக்கில் வெளியூர் செல்லும் தந்தையருக்கு மட்டும் கைபேசியை மன்னிக்கலாம். காலையில் வழியில் கண்ட பொருளொன்றை விடுகதையாக்கி அவர் அனுப்பட்டும். இரவு வீட்டார் விடையைச் சொல்லட்டும்.

தொடங்குவதற்காக, நம் மண்ணின் பொருள்களை வைத்து நாமே சில கட்டியிருக்கிறோம்.

கொத்தனார் கட்டாத வெள்ளை வீடு. வாசல் வைத்தால் வீடே போயிற்று.

மண்ணுக்குள் கட்டையாய்ப் படுத்தவன் பாயசத்தில் முத்தாய் மிதக்கிறான்.

பத்துக் கால் உண்டு, நண்டு அல்ல. வயிறு நிறையச் சுமப்பான், தின்பதில்லை. சுங்கச்சாவடியைக் கண்டால் நின்றுவிடுவான்.

நடந்தால் பேசும், நின்றால் மௌனம். பிறந்தது சேலத்து நெருப்பில், வாழ்வது பெண்ணின் காலடியில்.

மறைக்கல்வி மாணவர்க்கு இரண்டு: மீன் என்னைத் தின்றது, செரிக்கவில்லை. மற்றது: விருந்தாளியைப் பார்க்க மரமேறினேன், விருந்து வைக்க இறங்கினேன்.

விடைகளை அடுத்த இதழிலும் வெளியிடப்போவதில்லை. திண்ணையில் தட்டோடு அமர்ந்திருப்பவரை உள்ளே அழைத்துக் கேளுங்கள்.